கணினி ஏற்காது என்று சொன்னபோது



"கொம்பியூட்டர் ஏற்குதில்லை அக்கா." இந்த வார்த்தையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பிரதேச செயலகத்தில், வங்கியில், உதவி வழங்கும் நிறுவனத்தின் வாசலில் நாள் முழுக்க வரிசையில் நின்று, உங்கள் முறை வந்ததும் கேட்டிருப்பீர்கள். நான் மேசைக்கு மறுபக்கம் இருந்து அந்த வார்த்தையைச் சொன்னவள். அதனால் நான் செய்த ஒரு பிழையையும், அந்தப் பிழை என்னைக் கொண்டுபோய் விட்ட தொழிலையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு கிளிநொச்சியில் ஒரு பெரிய உதவி நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் தரவு பதிபவளாக வேலைக்குச் சேர்ந்தேன். மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. தகரக் கூரை, ஒரு ஜெனரேற்றர், மூன்று கணினிகள். வாழ்வாதார உதவிக்கு ஆட்களைத் தெரிவுசெய்வதற்காக அந்த நிறுவனம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றைக் கொண்டு ஒரு மென்பொருள் செய்வித்திருந்தது. அதில் "குடும்ப நிலை" என்று ஓர் இடம் இருந்தது. மணமாகாதவர், மணமானவர், விதவை, விவாகரத்தானவர் என்ற நான்கில் ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம். மணமானவர் என்று போட்டால் கணவனின் அடையாள அட்டை இலக்கத்தையும், அவர் நேரில் வந்து கையொப்பமிட்ட திகதியையும் கேட்கும். விதவை என்று போட்டால் மரணச் சான்றிதழின் இலக்கத்தைக் கேட்கும். இலக்கம் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

ஒருநாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா வந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். தையல் தெரிந்தவர். தையல் இயந்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தார். கணவர் எங்கே என்று கேட்டேன்.

"வட்டுவாகலில கையில பிடிச்சு ஒப்படைச்சனான் பிள்ளை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. இன்னும் விடேல்லை."

அவரை மணமானவர் என்று பதிந்தேன். கணினி கணவனின் கையொப்பத் திகதியைக் கேட்டு நின்றுவிட்டது. வெளியில் வரிசை நீண்டு கொண்டிருந்தது. அன்று எண்பது பதிவுகள் முடிக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நான் அந்த அக்காவிடம் ஒன்றும் கேளாமல் "விதவை" என்று மாற்றினேன். மரணச் சான்றிதழ் இலக்கம் கேட்ட இடத்தில் 0000 என்று அடித்தேன். கணினி ஏற்றுக்கொண்டது. பக்கத்து மேசைப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே அந்த வழியை எனக்குச் சொல்லித் தந்தவர்களும் அவர்கள்தான்.

ஒரு மாதத்தின் பின் தெரிவானவர்களின் பட்டியல் கிராம அலுவலரின் அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. அந்த அக்காவின் பெயரும் இருந்தது. பெயருக்கு நேரே "விதவை" என்று அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்த மூத்த மகள்தான் அதை முதலில் வாசித்தாளாம்.

அடுத்த நாள் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அவர் செத்தவர் எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். கணினி ஏற்கவில்லை என்று சொன்னேன். "கொம்பியூட்டருக்கு ஆர் சொன்னது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. விதவை என்று எழுதியிருக்கும் தாளில் கையொப்பம் வைத்துத் தையல் இயந்திரத்தை வாங்க அவர் மறுத்துவிட்டார். "மெசின் வேண்டாம். பேருக்கு முன்னால கிடக்கிறதை எடுத்துவிடு" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதை எடுத்துவிட எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் கொழும்புக்கு எழுதினார்கள். கொழும்பில் இருந்து வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் போனது. அங்கிருந்து மென்பொருள் செய்த கம்பனிக்குப் போனது. பல மாதங்களின் பின் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் நான்கு நிலைகள்தான் சொல்லப்பட்டுள்ளன, ஐந்தாவது வேண்டுமானால் புதிய விண்ணப்பம் போட்டுப் பணம் கட்ட வேண்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு வருமுன் அந்தத் திட்டமே முடிந்துவிட்டது.

அக்கா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கணினிக்கு ஆர் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கொழும்புக்குப் போய் மாலை வகுப்புகளில் படித்தேன். ஒரு மென்பொருள் கம்பனியில் பரிசோதகராக வேலை செய்தேன். பின்னர் ஒரு சிறிய ஆலோசனைக் குழுவில் சேர்ந்தேன். பெரிய நிறுவனங்கள் தமது மென்பொருளை உருவாக்கும் முறையையும் பராமரிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள உதவுவதே எங்கள் வேலை. கேட்பதற்குப் பெரிய விடயமாக இருக்கும். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒருவருக்குச் சட்டை தைக்கிறீர்கள். அளவு எடுத்து, வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லி, இறுக்கமான இடத்தைத் தளர்த்திய பின்பே கடைசித் தையல் போடுவீர்கள். பெரிய நிறுவனங்கள் நெடுங்காலம் மென்பொருளை அப்படிச் செய்யவில்லை. அளவு எடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர், தைப்பவர் வேறு நாட்டில். போட்டுப் பார்ப்பது கலியாணத்தன்று காலையில். பொருந்தாவிட்டால் சட்டையில் பிழையில்லை, உடம்பில்தான் பிழை என்பார்கள். திட்டமிடல், வரைதல், எழுதுதல், சோதித்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் இந்த முறையை 1970ஆம் ஆண்டிலேயே வின்ஸ்டன் ரோய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கட்டுரையில் வரைந்து காட்டினார். இப்படியே செய்தால் ஆபத்து என்றும் அதே கட்டுரையில் எழுதினார். படத்தை எடுத்துக்கொண்ட நிறுவனங்கள் பல, அவருடைய எச்சரிக்கையை விட்டுவிட்டன.

இது எங்கள் நாட்டில், எங்கள் போன்ற சனங்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவின் அஞ்சல் நிறுவனம் 1999ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் "ஹொரைசன்" என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. கிராமங்களில் சிறுகடையோடு சேர்த்துத் தபாலகம் நடத்திய உப தபாலதிபர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. ஹம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் கடை வைத்திருந்த ஜோ ஹமில்டன் என்ற பெண், உதவித் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு அவர்கள் சொன்னபடி செய்தபோது, கண்முன்னாலேயே பற்றாக்குறை இரண்டு மடங்காகியது. இப்படி முறையிட்ட பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று பதில் சொல்லப்பட்டது. கணினி காட்டிய தொகையைச் சரி என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த காலக் கணக்கைத் திறந்து தபாலகத்தை நடத்த முடியும். அதனால் பலர் பிழை என்று தெரிந்த கணக்கை ஒப்புக்கொண்டார்கள். பிறகு அதையே பொய்க் கணக்கு என்று சொல்லி அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள்.

நான் 0000 அடித்ததும் இதுவும் ஒரே வழிதான். உண்மையைச் சொன்னால் கணினி நகராது, பொய்யைச் சொன்னால் நகரும். அவர்களுக்கு அதற்குக் கிடைத்த தண்டனை பெரியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண் கருவுற்றிருந்த நிலையில் 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த இரு பெண்களுடையது உட்பட 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. மீதிப் பெரும்பாலானோரை விடுவிக்க 2024இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். அதைக் கண்டவர்கள் சொன்ன சொல், அதைத் திருத்தக் கூடியவர்களிடம் போய்ச் சேராமல் இருபது வருடம் நின்றதுதான் அங்கே நடந்த அநியாயம். எங்கள் தொழிலின் சாரம் இதற்குள் அடங்கும். மேசையில் இருப்பவர் சொல்வது எழுதுபவர் காதுக்கு எவ்வளவு விரைவில் போகிறது, சொன்னவருக்கு அதனால் தீங்கு வராமல் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்ப்பதே அந்தத் தொழில். புதுக் கணினி வாங்கினால் இது சரிவராது.

2018இல் வேறொரு பெரிய உதவி நிறுவனம் எங்கள் குழுவை அழைத்தது. அவர்களுடைய பதிவுப் படிவத்தைத் திறந்தேன். குடும்ப நிலை என்ற இடத்தில் அதே நான்கு தெரிவுகள். காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு, இறந்தார் என்று எழுதாமல், காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிச் சான்றிதழ் கொடுப்பதற்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அப்போது வந்திருந்தது. சட்டம் இடம் கொடுத்து இரண்டு வருடமாகியும் அந்தக் கணினி இடம் கொடுக்கவில்லை.

மென்பொருள் நன்றாக வேலை செய்கிறதா என்று முகாமையாளர்களைக் கேட்டோம். எந்த முறைப்பாடும் இல்லை, எல்லாப் பதிவுகளும் பூரணம் என்றார்கள். எனக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். மரணச் சான்றிதழ் இலக்கம் இருக்கும் இடத்தில் 0000, 1111, 9999 என்று தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்தது. அதைப் பார்த்த ஒரு முகாமையாளர், இந்தப் பிள்ளைகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக நானும் இருந்தவள் என்று அப்போதுதான் சொன்னேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒவ்வொரு 0000உம் உங்களுக்கு வந்த ஒரு கடிதம், அதை யாரும் திறந்து வாசிக்கவில்லை என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னார்.

முதல் வேலையாக, மென்பொருள் எழுதும் இரண்டு இளைஞர்களை வன்னியில் உள்ள கிளை அலுவலகத்தில் மூன்று நாள் இருத்தினோம். ஒன்றும் செய்ய வேண்டாம், பதியும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும் என்றோம். அவர்கள் கொழும்பில் நான்கு வருடமாக அந்த மென்பொருளில் வேலை செய்தவர்கள். அதைப் பாவிப்பவர்களை ஒருநாளும் கண்டதில்லை. பதியும் பிள்ளை பயந்துபோய், "இல்லாட்டி முன்னுக்குப் போகாது சேர்" என்று இலக்கம் அடித்துக் காட்டினாள். வரிசையில் நின்ற ஒரு தாய் தன் கதையைச் சொன்னார். திரும்பி வரும்போது வானில் அந்த இளைஞர்களில் ஒருவர் பேசவே இல்லை. பிறகு, "இது ஒரு மணித்தியால வேலை அக்கா" என்றார்.

ஒரு மணித்தியால வேலை ஏன் வருடக்கணக்காக நடக்கவில்லை? அலுவலகச் சுவரில் கடதாசித் துண்டுகளை ஒட்டி, ஒரு முறைப்பாடு போகும் பாதையை எல்லோரும் பார்க்க வரைந்தோம். கிளை, மாவட்டம், கொழும்பு, தலைமையகம், கணக்குப் பகுதி, ஒப்பந்தப் பகுதி என்று ஒன்பது கையொப்பங்கள். ஒவ்வொருவர் கையிலும் வேலை நடக்கும் நேரம் நிமிடங்கள். இடையில் கடதாசி காத்துக் கிடக்கும் நேரம் மாதங்கள். சுவரைப் பார்த்த ஒருவரும் தன் மேசையில்தான் தாமதம் என்று நினைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் நேர்மையாகத் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பாதைதான் பிழையாக இருந்தது.

எதிர்ப்பு இருந்தது. "எல்லாரையும் கதைக்க விட்டால் வேலை நடக்குமா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் எழுதியதைத் திகதிக்கு முடித்தாரா என்றே அவரைக் கேட்பார்கள். திட்டத்தை மாற்றினால் கொடையாளருக்கும் கணக்காய்வாளருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் அவரிடம் கேட்கும் கேள்வி மாறாமல் அவரை மட்டும் மாறச் சொல்வது நியாயமில்லை. ஆகவே மேலிடத்தோடு கதைத்தோம். மொத்தமாக ஒரு பொருளை வாங்கும் ஒப்பந்தத்தை விட்டு, ஒரு சிறு குழுவுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறு திருத்தம் வெளிவரச் செய்யும் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார்கள். ஒரு திருத்தம் வேறிடத்தைப் பழுதாக்காமல் இருக்க, ஒவ்வொரு முறையும் முழுவதையும் கணினியே சோதித்துப் பார்க்கும்படி செய்தோம். கிளையில் பதியும் பிள்ளை "இது சரிவராது" என்று அழுத்துவதற்குத் திரையிலேயே ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் அது எழுதுபவரிடமே நேரே போகும்.

இந்தப் பொத்தான் ஒன்றும் புதிதல்ல. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் செய்த விசைத்தறி, நூல் அறுந்தால் தானாகவே நிற்கும். பிழைத் துணி நெய்துகொண்டே போகாது. அவர் குடும்பம் தொடங்கிய ரொயோட்டா கார்த் தொழிற்சாலையிலும் அந்த எண்ணம் தொடர்ந்தது. பிழையைக் காணும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து அழைக்கலாம், வேலையையும் நிறுத்தலாம். மென்பொருள் உலகம் அதைத் தறியிடமும் தொழிற்சாலையிடமும் பிந்தித்தான் கற்றது.

பெரிய நிறுவனம் மாறவே மாறாது என்பவர்களுக்கு இன்னொரு நிகழ்வையும் சொல்வேன். அமெரிக்க அரசு மருத்துவக் காப்புறுதிக்காக 2013 ஒக்ரோபர் 1ஆம் திகதி ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. முதல் நாளில் காப்புறுதி எடுத்து முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். பல கம்பனிகள் பகுதி பகுதியாகச் செய்திருந்தன. முழுவதுக்கும் பொறுப்பானவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. மீட்க வந்த குழு எல்லோரையும் ஓர் அறையில் தினமும் கூட்டியது. பதவியில் பெரியவர் அல்ல, விடயம் அதிகம் தெரிந்தவரே பேச வேண்டும் என்பது அங்கே ஒரு விதி. யாரைக் குற்றம் சொல்வது என்பதை வேறிடத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த வசந்தகாலத்துக்குள் எண்பது இலட்சம் பேர் அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் வேலை அவ்வளவு பெரிய வெற்றி அல்ல. நாங்கள் வெளியேறிய பின் தலைமை மாறியது. இரண்டு கிழமைத் திருத்தம் இரண்டு மாதமாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் குடும்ப நிலை என்ற இடத்தில் "கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்ற ஐந்தாவது தெரிவு வந்தது. அதற்கு எந்தச் சான்றிதழும் கட்டாயமில்லை. "சொல்ல விரும்பவில்லை" என்ற ஆறாவதும் வந்தது. அறிவித்தல் பலகையில் ஒட்டும் பட்டியலில் குடும்ப நிலையை அச்சிடுவது நிறுத்தப்பட்டது. அந்த மூன்றும் இன்றும் இருக்கின்றன.

சகோதரிகளே, இனி யாராவது "கணினி ஏற்காது" என்று சொன்னால் பேசாமல் திரும்பி வராதீர்கள். என்ன பதிந்தீர்கள் என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஏற்காத காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் முறைப்பாடு யாரிடம் போகும், எப்போது பதில் வரும் என்று கேட்டுத் திகதியோடு குறித்து வையுங்கள். உங்களைப் போல வேறு யாருக்கும் இது நடந்ததா என்று மாதர் சங்கக் கூட்டத்தில் விசாரியுங்கள். "உங்களுக்கு மட்டும்தான்" என்ற பதிலை இலேசில் நம்பாதீர்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் வேலை செய்யும் தங்கைமாருக்கும் ஒரு சொல். வேறு வழியில்லாமல் பொய் இலக்கம் அடிக்க நேர்ந்தால், எதிரில் இருப்பவருக்கு முதலில் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் அன்றைய திகதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை ஒருநாள் யாராவது கேட்டு வருவார்கள். வராவிட்டால் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் 2011இல் அதைச் செய்யவில்லை.

அந்த அக்காவைப் பின்னர் இரண்டு தடவை தேடிப் போனேன். முதல் தடவை அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் தடவை வீட்டைக் கண்டுபிடித்தேன். சேர்த்த காசில் பழைய தையல் இயந்திரம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். சுவரில் அவருடைய கணவரின் படம் இருந்தது. மாலை போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். புதிய படிவத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மற்றப் பிள்ளையளுக்காவது உதவட்டும்" என்றார். பிறகு, "என்ரை அந்தப் பதிவை மாத்திப்போட்டியளோ?" என்று கேட்டார். அந்த நிறுவனம் போய்விட்டது, பதிவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்ற உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. தேநீர் தந்து அனுப்பினார்.